எல்சி மார்ஷின் இடப்பக்கம்

நவம்பர் 4
மழை. மாதிரிப் படகின் விலாச்சட்டங்களை எல்லாம் அடிக்கட்டையில் ஒட்டியாயிற்று. இனி பலகை அடைக்க வேண்டும். ஒரு முழ நீளப் படகுதான் — ஆனாலும் உள்ளே எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. போன பிப்ரவரியில் மேல்தளத்தில் பனிக்கட்டி கனத்து எங்கள் மீன்பிடிப் படகு எல்சி மார்ஷ் கவிழ்ந்தபோது அதில் ஐந்து பேர் இருந்தோம். ஊருக்கு, லூனன்பர்க்குக்கு, உயிரோடு வந்து சேர்ந்தது நான் மட்டும். மற்ற நால்வர் நினைவாகத் தேவாலயத்தில் தொங்கவிட அதே படகைச் சிறியதாகச் செய்து தரச் சொன்னார் பாதிரியார் ஹைஸ்லர். "உன்னைவிட அந்தப் படகைத் தெரிஞ்சவங்க யாருப்பா இருக்கா, வெர்ன்?"
யாரும் இல்லை. அதுதானே கொடுமை.

நவம்பர் 11
பலகைக்கான மரக்கீற்றை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, பசை தடவி, குண்டூசி குத்தி இறுக்குகிறேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் படகு முறுக்கிக்கொள்ளும். முன்பக்கத்தில் ஒரு கீற்று படக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம்... எழுந்து வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 12
கை ஓடவில்லை.

நவம்பர் 19
எங்கள் எஞ்சின்காரர் கார்லின் மனைவி தெல்மா வந்தாள். மீன் வடை கொண்டுவந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"நீ மூடுறதுக்குள்ள பார்க்கணும்னு வந்தேன். கார்ல் எங்க இருந்தார்?"
"வேண்டாமே, தெல்மா."
"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. நீ காட்டு."
இடப்பக்கம், பின்னால், இரண்டு விலாக்களுக்கு நடுவே விரலை வைத்தேன்.
"தூங்கிட்டிருந்தாரா?"
இல்லை என்றேன். படகு சாய்ந்து கிடந்தது. எஞ்சின் அறைக் கதவு பனிக்கட்டியில் இறுகிவிட்டது. உள்ளேயிருந்து தட்டினார். இழுத்தேன், இழுத்தேன் — அலை என்னை அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.
அந்த இடைவெளியில் விரலை விட்டபடி வெகுநேரம் நின்றாள்.
"இந்த இடத்தை மட்டும் மூடாத, வெர்ன். அவர் வெளிய வர ஒரு வழி இருக்கட்டும்."

டிசம்பர் 2
மற்ற இடமெல்லாம் அடைத்தாயிற்று. பாதிரியார் வந்து பார்த்தார்.
"ஓட்டைப் படகையா பீடத்துக்கு மேல தொங்கவிடச் சொல்ற?"
"அப்ப வேண்டாம், விட்டுடுங்க ஐயா."
கோபமாகப் போய்விட்டார். போகட்டும். அவள் கேட்ட பிறகு எப்படி மூடுவேன்? என்னால முடியாதுப்பா.

டிசம்பர் 20
காலையிலிருந்து பனி. துறைமுக ஓரத்தில் தண்ணீர் உறையத் தொடங்கிவிட்டது. மதியம் தெல்மா வந்தாள். தலைத்துணி முழுக்கப் பனி.
"அந்தப் பலகை இருக்கா?"
"இருக்கு."
"போட்டுடு, வெர்ன். அவருக்கு உள்ள குளிரும்."
கீற்றை நனைத்து வளைத்தேன். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். பசை காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.