அம்மா வந்துகீது

பட்டாபிராம்,
9.6.1989.

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு அக்கா ஜெயசீலி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் கைக்குழந்தையும் ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். கிள்ளானில் நீயும் மாப்பிள்ளையும் என் மகன் அமலனும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் மகன் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உனக்கு முகம் சுண்டும். சுண்டட்டும்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. அம்பத்தூரில் உன் மாமா வேலை செய்கிற கம்பெனியைப் பூட்டி நான்காவது மாதம் நடக்கிறது. காலையில் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு லோக்கல் வண்டியில் ஏறிப் போகிறார். பூட்டின கேட்டுக்கு எதிரே மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வருகிறார். வந்தால் பேச்சே இல்லை. என்னிடம் தையல் கிளாசுக்கு வருகிற பெண்களால்தான் வீட்டில் ஏதோ சத்தம் இருக்கிறது.

கான்வென்டில் எல்.கே.ஜி. ஆரம்பித்துவிட்டார்கள். அமலனுக்கு முன்கூட்டியே சொல்லி இடம் பிடித்து வைத்தேன், உனக்கும் எழுதியிருந்தேன். தலைமை சிஸ்டர் இரக்கமுள்ளவர்கள். இந்த மாதம் முடியும்வரை அவன் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார்கள். சீருடை தைக்க அளவு தெரியவில்லை. கிறிஸ்துமசுக்குத் தைத்த இரண்டு சட்டைகளில் இங்கே தங்கிவிட்ட ஒன்றை எடுத்து வைத்து, இரண்டு விரல் கூட்டி வெட்டினேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் டேப் பிடித்து அளந்து தைக்கிறேன், என் பிள்ளைக்குக் குத்துமதிப்பாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. அவனைப் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும், அவன் இப்போதெல்லாம் 'இன்னா' என்று சொல்வதில்லை, அழகாக 'என்ன' என்கிறான் என்றும் பெருமையாக எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி இந்த வீட்டை விட்டுப் போகிறவரைக்கும் நீ என்னை 'இன்னாக்கா' என்றுதான் கூப்பிட்டாய். அதனால் உனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதினாயே, 'உனக்குத்தான் இன்னொன்று பிறந்துவிட்டதே அக்கா, இவனை நினைத்து ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்' என்று. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு ரவிக்கை போனால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம். பிள்ளை அப்படியா.

ஹில்டா, நாங்கள் உன்னிடம் வந்தது லீவுக்கு, விருந்தாட. கிறிஸ்துமசை உன் வீட்டில் கொண்டாடிவிட்டு, நாலு இடம் பார்த்துவிட்டுத் திரும்புவது என்றுதான் பேச்சு. வயிற்றில் பிள்ளையோடு எதற்கு அலைச்சல் என்று எல்லோரும் தடுத்தார்கள். கல்யாணமாகிப் போனதிலிருந்து என் தங்கை வீட்டுக்கு நம்மில் யாரும் போனதில்லையே என்று நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். விமானம் மேலே ஏறியதும் அமலன் என் காதில், 'அக்கா, இது வில்லிவாக்கத்துல நிக்குமா?' என்று கேட்டான். உன் வாசலில் வந்து இறங்கியதும் உன்னிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினாய். அதற்குப் பிறகு கீழே இறக்கவே இல்லை.

பிள்ளையை உன் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்து எழுதிவிடாதே, அவனுக்குத் தனியாக எடு என்று நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் நீ எழுதியிருந்தாய். தங்கச்சி வெளிநாட்டில் இருக்கிறவள், விவரம் தெரிந்தவள் என்று அப்படியே செய்தேன். அது இருந்ததால்தானே நான் இல்லாமல் அவன் அங்கே தங்க முடிந்தது, இப்போது அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அப்போதே மனதில் எண்ணிக்கொண்டு எழுதினாயா என்று கேட்க பயமாக இருக்கிறது. எண்ணாமல் எழுதியிருப்பாய் என்றே நம்பப் பார்க்கிறேன்.

பெற்ற தாயை இவன் அக்கா என்கிறானே என்று உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதில் என்ன அதிசயம். வீடு நிறையத் தையல் படிக்கிற பெண்கள். பொழுது விடிந்தால் அக்கா, பொழுது போனால் அக்கா. பேச வருகிற பிள்ளை அதைத்தானே பிடித்துக்கொள்ளும். நம் தெருவில் அம்மாவை அண்ணி என்று கூப்பிடுகிற பிள்ளைகள் இல்லையா. எந்தப் பெயரைச் சொன்னாலும் அவன் ஓடி வந்தது என் மடிக்குத்தான்.

திரும்புகிற நாள் நெருங்கும்போது அவன் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. சின்னம்மை என்று சொன்ன டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். முன்னால் வந்து போயிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வந்ததில்லை. சின்ன வயதில் உனக்கு வந்தபோது என்னைக் கோவில்பதாகை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படியானால் பிள்ளை பக்கத்திலேயே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ உள்ளே கட்டிலில், நான் வாசற்படியில் என்று ஆயிற்று.

அவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதான். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற வழக்கத்தில் நானும் சொன்னேன், 'அழாதடா கண்ணு, உனக்கு அம்மா வந்துகீது, கொஞ்ச நாள்ல சரியாப் பூடும்' என்று. கோயிலுக்குப் போகிறவர்கள் ஆனாலும் நம்மைப் போலப் பூசைக்குப் போகிறவர்கள் ஆனாலும் பட்டாபிராமில் அந்த நோய்க்கு வேறு பெயர் கிடையாது. அதுவரைக்கும் அம்மா என்று யாரையும் கூப்பிட்டறியாத பிள்ளை, காய்ச்சல் கண்ணோடு திரும்பிப் பார்த்தான். நீ வேப்பிலையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். 'நீதான் அம்மாவா?' என்று உன்னைக் கேட்டான். 'ஆமாண்டா, நான்தான் அம்மா' என்றாய். மாப்பிள்ளை சிரித்தார், உன் மாமா சிரித்தார், வாசற்படியில் நின்று நானும்தான் சிரித்தேன். நோய் இறங்கியது. பெயர் இறங்கவில்லை.

கொப்புளம் காயாத பிள்ளையை விமானத்தில் ஏற்ற முடியாது என்றார்கள். இன்னும் நாள் தள்ளினால் என்னை ஏற்ற மாட்டார்கள். உன் மாமாவுக்கு லீவும் முடிந்துவிட்டது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நிம்மதியாப் போக்கா, ஈஸ்டர் முடிஞ்சதும் நானே கூட்டினு வந்து உடறேன்' என்றாய். அன்றைக்கு மட்டும் உன் வாயில் நம் ஊர்ப் பேச்சு வந்தது. அதனால்தானோ என்னவோ நம்பினேன். சொல்லிக்கொண்டு போனால் அழுவான் என்று அவனைக் கொல்லைப்புறம் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் காரில் ஏறும்போது அங்கே அவன் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை நாளும் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஆவடியில் பூத்துக்குப் போய் உனக்குப் போன் செய்தேன். நீ அவனிடம் கொடுத்தாய். கொடுக்கிறபோது மெதுவாக ஏதோ சொல்லிக்கொடுத்தது என் காதில் விழுந்தது. 'பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டான். யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தேன். முறைப்படி சரிதான். நீ அம்மா என்றால், உனக்கு மூத்தவள் பெரியம்மாதானே. ஒரு எழுத்துப் பிசகாமல் முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாய். 'ஊட்டுக்கு வர்றியாடா' என்று கேட்டேன். 'அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்றான். என் மேல் ஏறி மிதித்து, 'அக்கா, சோறு குடு' என்று தலைமுடியைப் பிடித்து இழுக்கிற பிள்ளை அவன். எனக்கு எதற்கு அவனிடமிருந்து 'இருக்கீங்களா'. போனை வைத்த பிறகு பூத்துக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

மறுநாள் கிளாசில் இனி யாரும் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். புஷ்பா என்று ஒரு பெண் வருகிறாள், கீச்சுக் குரல். மறந்துபோய்ப் பின்னாலிருந்து, 'அக்கா, நூலு அந்துபோச்சு' என்றாள். நான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே, அவன் உயரத்துக்குப் பார்த்தேன். அன்றைக்கு எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். கைக்குழந்தைக்கு இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை. அதன் முகத்துக்கு நேரே குனிந்து, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மாமா பார்த்துவிட்டு, 'இன்னாடி ஆச்சு உனக்கு' என்றார்.

அந்தக் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பங்குச்சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். ஞானத்தாய் என் தங்கைதான், அவள் வந்து கையில் வாங்கினால்தான் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசி ஞாயிறுக்கு வா, ஹில்டா. அமலனையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கு ஒரு பிள்ளை இல்லாத வேதனை எனக்குத் தெரியாதா. உனக்காக வேளாங்கண்ணி மணலில் முட்டி போட்டுப் போனவள் நான். ஆனால் என் பிள்ளையை எடுத்து அவளுக்குக் கொடு என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

12.6.1989.

மேலே உள்ளதை எழுதி முடித்து, தபாலில் போடச் சொல்லி உன் மாமாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு வெளியே போகாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். போன மாதமே மாப்பிள்ளையோடு போனில் பேசிவிட்டாராம். பிள்ளை அங்கேயே இருக்கட்டும், நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். 'அவனாச்சும் நல்லா இருக்கட்டும், இங்க இன்னா கீது' என்று சொல்லிவிட்டு அழுதார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். அழுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது.

ஆக உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் இங்கே உட்கார்ந்து சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கான்வென்டுக்குப் போய், அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிஸ்டர் ஏன் என்று கேட்டார்கள். பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறான் என்றேன். எவ்வளவு சந்தோஷம் என்றார்கள்.

பெற்றவரே கொடுத்துவிட்ட பிறகு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன். உன்னிடம் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறேன். போட்டோவில் அவன் நெற்றியில் தெரிகிற கொப்புளத் தழும்பைச் சொறிய விடாதே. இங்கே ரயில் சத்தம் கேட்டுத் தூங்கிப் பழகினவன், தூக்கத்தில் விழித்தால் முதுகில் லேசாகத் தட்டிக்கொடு, அடங்கிவிடுவான். அம்மா என்கிற பெயரை நீயே வைத்துக்கொள். அதை நான் அவனிடம் கேட்டு வாங்கியதே இல்லை. பெரியம்மா என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதே. அவனாக எனக்கு வைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான், அதை அவன் மறந்துவிடாமல் பார்த்துக்கொள். நான் போன் செய்தால், பின்னாலிருந்து எதுவும் சொல்லாமல், அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நில். அவன் வாயில் என்ன வருகிறதோ வரட்டும்.

தையல் பெண்களையும் மறுபடி அக்கா என்றே கூப்பிடச் சொல்லிவிட்டேன். அந்தச் சத்தம் வீட்டில் நின்றுபோனால் என்னால் இருக்க முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். மனதார, அழுதுகொண்டேதான், சொல்கிறேன். நீங்கள் நன்றாக இருந்தால்தான் அவன் நன்றாக இருப்பான். தேவமாதா உங்கள் மூன்று பேருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கும் அவனுக்கும் அக்கா,
ஜெயசீலி.