அம்மாவின் மாத்திரையும் அலமாரிச் சாவியும்

தம்பி,

சாப்பாடு அடுப்படியில் மூடி இருக்கிறது. கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

நேற்று என் மருந்துக்கடைக்கே வந்து, அம்மாவின் வலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நின்றாய். சீட்டுப்படி அது அடுத்த வாரம்தான் தீர வேண்டும். கேட்டால், "கீழ கொட்டிடுச்சுக்கா" என்றாய். கொட்டினாலும் டாக்டரின் புதுச் சீட்டு இல்லாமல், போதை தரும் அந்த மாத்திரையை யாருக்கும் தரக்கூடாது. "சொந்தத் தம்பிகிட்டயே சட்டம் பேசுறியா?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். ஆமாம், பேசினேன். கூடப் பிறந்தவன் என்று எடுத்துக் கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும்.

அம்மா விடிய விடிய வலியில் முனகினாள். காலையில் கேட்டால், "அவனை ஒண்ணும் சொல்லாத, நான்தான் கொட்டிட்டேன்" என்கிறாள். படுக்கையை விட்டு எழ முடியாதவள், உனக்காகப் பொய் சொல்கிறாள். மாத்திரை யார் வயிற்றுக்குள் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கத்தான் போகிறேன். இனி மாத்திரை என் அலமாரியில், சாவி என் பையில். வேளாவேளைக்கு நானே வந்து கொடுப்பேன்.

அக்கா

பி.கு: அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடு. அதையாவது செய்.

இன்னொன்று. அலமாரிப் பூட்டை உடைக்காதே. அதையும் அம்மா "நான்தான் உடைச்சேன்" என்பாள்.