கப்பல் வந்த பிறகு பரீட்சை

மேடம்,

இன்று மதியம் தேர்வுக் கூடத்தில் எலுமிச்சை வாசம். கச்சால் தீவிலிருந்து வந்த பெண் ஒருத்தி கடைசிப் பருவத்தின் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருந்தாள். குமட்டலுக்காகக் கப்பலில் முகர்ந்துகொண்டே வந்த பழம் மேசையோரம் கிடந்தது. கண்காணிப்பாளர் அதையும் உருட்டிப் பார்த்தார், பிட்டு ஏதும் எழுதியிருக்கிறதா என்று. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

நீங்கள் காலமான பிறகு நம் கல்லூரி முன்னேறியிருக்கிறது. மாணவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. தேர்வுப் பிரிவு வேலையோடு அதற்கும் நான்தான் செயலாளர். தன்னம்பிக்கைக் குறைவால்தான் நிற்கிறார்கள் என்று மெயின்லேண்ட் நிபுணர் ஒருவர் வந்து படம் போட்டு விளக்கினார். அவர் விமானத்தில் வந்தவர். கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும் என்பது அவருடைய படத்தில் இல்லை.

உங்கள் காலத்தில் குழு கிடையாது. தேர்வுப் பிரிவில் நீங்களும் நானும்தான். ஒரு மழைக்காலத்தில் ஹட் பேயிலிருந்து வரும் கப்பல் தாமதமாகி, ஒரு பையன் தேர்வு முடிந்த பிறகு நனைந்துபோய் வந்து நின்றான். பல்கலைக்கழகத்தின் அனுமதியில்லாமல் தொடக்கூடாத மாற்று வினாத்தாள் உறையை நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்தீர்கள்.

"மேடம், அனுமதி வரலையே?"

"கேட்டா கூடாதும்பாங்க. எழுத வச்சிட்டுச் சொன்னா திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கலாம் சார். இவன் ஊருக்குத் திரும்ப ஜஹாஸ் ஏறிட்டா, நீங்க போய்க் கூட்டிட்டு வருவீங்களா?"

"எனக்குக் கடல் ஒத்துக்காது."

"தெரியுமே. வண்டூர்ல போட்டைப் பார்த்தே வாந்தி எடுத்த ஆளு."

திட்டு மெமோவாக வந்தது. பதவி உயர்வு வரவில்லை. அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றீர்கள்.

இன்று காலை தேர்வு தொடங்கிய நேரத்தில் அந்தப் பெண் கப்பலிலிருந்து போன் செய்தாள். "சார், ஹேடோ ஹார்பர் கண்ணுக்குத் தெரியுது. ஆனா கப்பலை உள்ள விட மாட்டேங்கிறாங்க. இந்தத் தடவை முடிக்கலைன்னா, படிச்சது போதும், தோட்டத்துக்கு வான்னு அப்பா சொல்லிட்டாரு."

அப்போது குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இடைநிற்றல் ஒழிப்புப் பதாகைக்கு நீலமா பச்சையா என்பது விவாதப் பொருள். விஷயத்தை முதல்வரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் எழுதட்டுமே" என்றார். நான் எழுந்தேன்.

"முக்கியமான மீட்டிங் சார். எங்கே போறீங்க?"

"ஒரு பொண்ணு பாதியில நின்னுடுவா போலிருக்கு. பார்த்துட்டு வர்றேன்."

பதாகைக்குப் பச்சையே முடிவானதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் வந்து சேர்ந்ததும் மாற்று வினாத்தாள் உறையைப் பிரித்தேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். எழுதி முடித்து வெளியே வந்தவள், "பாஸாயிடுவேனா சார்?" என்றாள். "அது உன் பாடு" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

நாளை மெமோ வரும். விளக்கக் கடிதத்தை இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் ஓய்வுக்கு அதிக காலமில்லை, நாற்காலி மாறப்போவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது விளக்கக் கடிதம் எழுதும் முறை ஒன்றுதான். வருத்தம், பணிவு எல்லாம் இரண்டாவது பத்தியிலிருந்து வேண்டிய அளவு வரலாம். முதல் வரி மட்டும், 'மாணவி தேர்வை எழுதி முடித்துவிட்டார்.'