பெயர்களுக்குப் பக்கத்து நிரல்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டால், எழுத்து அடிக்கும் எடிட்டர் தானாகவே புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. வழக்கம்போல ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை மேலிருந்து கீழே இழுத்தேன். நெடுக்கான ஒரு நிரலை மட்டும் தனியாகப் பிடிக்க முடியவில்லை. வரிகள் முழுவதும் நீலமாகின. மூலையில் பிரெஞ்சில் ஓர் அறிவிப்பு. எடிட்டரோடு சேர்த்துக்கொள்ள நீ எழுதிய பிளக்கின் இனி இயங்காதாம், அதை ஆக்கியவரைத் தொடர்புகொள்ள வேண்டுமாம். எங்கே போய்த் தொடர்புகொள்வது?

ரூ காய் தெருவில் இருக்கும் இந்த அச்சுக்கடையில் எனக்கு அரைவாசி வேலை மரண அறிவித்தல்தான். வரிக்கு ஒரு உறவினர் பெயர், பக்கத்தில் அவர் இருக்கும் நாடு: பிரான்ஸ், கனடா, சுவிஸ். கடைசி நேரத்தில் வீட்டார் போன் எடுத்து, "லண்டன் இல்லை, அவையெல்லாம் இப்ப கனடா" என்பார்கள். ஒவ்வொன்றாக மாற்றப்போய் ஒருமுறை ஒரு மருமகனின் பெயரே அழிந்துபோனது. அந்த மனிதர் கடைக்கு வந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. வேலை முடிந்து வந்த நீ தேத்தண்ணி குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பேர் விட்டா எங்கட சனம் செத்தவீட்டிலயும் சண்டை பிடிக்கும். பொறு, நான் ஒண்டு செய்து தாறன்" என்றாய்.

தமிழ் எழுத்துகள் ஒரே அகலமில்லை. மற்றவர்கள் செய்த கருவிகளில் நிரல் கோணிக்கொண்டு போகும். உன்னுடையது நேராக இறங்கியது. பெயர்களைத் தொடாமல் நாடுகளை மட்டும் பிடித்து ஒரே தட்டில் மாற்றினேன். நீ அதற்கு இணையத்தில் உன் பெயரில் ஒரு பக்கம் திறந்து, எல்லோருக்கும் இலவசமாகப் போட்டாய்.

நானே திருத்தலாமென்று உள்ளே திறந்து பார்த்தேன். பாதிதான் விளங்கியது. நடுவில் தமிழில் ஒரு குறிப்பு: "இஞ்சை கை வைக்காதை. இது ஏன் வேலை செய்யுதெண்டு எனக்கும் தெரியாது." படுபாவி!

விசயம் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் திருத்தினாலும், உன் கணக்குக்குள் போனால்தான் ஏற்றலாம். ஏற்றாவிட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். உன் பெயரும் அதோடு போய்விடும்.

மத்தியானம் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் இருக்கும் உன் வீட்டுக்குப் போனேன். கடவுச்சொல் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். உன் மனைவி உன் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதையே திறக்கேலாமல் கிடக்கு, அண்ணை. பிள்ளை தன்ர பிறந்தநாளையும் போட்டுப் பாத்திட்டாள்."

உன் மகள் கதவடியில் நின்றாள். போனை உன் மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்து இன்றைய அறிவித்தலைக் கையாலேயே செய்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மா. அவரது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாய்விட்டு வாசித்து, பக்கத்தில் நாட்டைத் திருத்திக்கொண்டு போக, பின்னேரமாகிவிட்டது.

உன் மரண அறிவித்தலை நான் உன் பிளக்கினால்தான் செய்தேன், மச்சான். உன் சகோதரங்களின் நாடுகளை ஒரே இழுப்பில் பிடித்தேன். உனக்கென்று நான் செய்த கடைசி வேலை, கண் மூடித் திறக்கமுன் முடிந்துபோனது. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.