பெயரைச் சொல்லி அழைக்க மாட்டோம்

ஜூலை 3, வியாழன்

வேதியியல் ரெக்கார்டு நோட்டு இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்றில் உப்புப் பரிசோதனை. இன்னொன்று இது. இரண்டிலும் ஒரே லேபிள்தான் ஒட்டியிருக்கிறேன். உப்பைப் பற்றி எழுதியிருக்கிறது என்றால் எங்கள் வீட்டில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அம்மா சாயங்காலம் தையல் கடையைச் சாத்திவிட்டு நேராக என் அறைக்கு வந்து தாழ்போட்டாள். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியது தெரிந்துவிட்டது என்று நினைத்து, "பேப்பர் ரொம்பக் கஷ்டம்மா" என்று ஆரம்பித்தேன்.

"அதை அப்புறம் வச்சுக்கறேன். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு நாற்பத்தொன்று. எனக்குப் பதினாறு.

"வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். துணைக்கு ஒரு ஆள் வேணுமாம். நீ வர்றியா?"

"ஏம்மா வேண்டாம்?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிஞ்சா மாடிக்குத் தெரியும்."

மாடி என்றால் அத்தை. அப்பாவின் அக்கா. மாமாவும் அத்தையும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். அத்தைக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒலிபரப்பு. என் தலையில் பேன் இருந்ததை மூன்று தெருவுக்குச் சொன்னவள். பதினான்கு வருஷமாகக் குழந்தை இல்லை. அலையாத இடம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு "போதும், நிறுத்தியாச்சு" என்றாள். அதையும் எல்லோரிடமும்தான்.

அவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பெத்து என் கையில குடுத்துடு." அம்மாவால் அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல முடியாது. பெறவும் முடியாது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நோட்டு 'யாரும்' இல்லை.

ஜூலை 5, சனி

இரண்டு நாள். சாப்பாடு இறங்கவில்லை. சத்தியம் வயிற்றில்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

எனக்குப் பல்வலி என்று பள்ளிக்கு லீவு. அம்மாவின் கடையில் மெஷின் ரிப்பேர். ஒரே காலையில் இரண்டு பொய்.

ஊரில் பெண்களுக்கென்று இருப்பது அந்த ஒரு மருத்துவமனைதான். நான் பிறந்ததும் அங்கேதான். வரவேற்பு மேஜைக்கு மேலே பெரிய பலகை: 'உங்கள் அந்தரங்கம் எங்கள் பொறுப்பு. யாரையும் பெயரைச் சொல்லி அழைக்க மாட்டோம்.' படித்ததும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அழைக்கவில்லைதான். மேஜையில் இருந்த அக்கா நல்ல குரல்வளத்தோடு கூப்பிட்டாள்: "இருபத்திரண்டு! கலைக்கிறதுக்கு வந்தவங்கதானே? இடது பக்கம், கடைசி ரூம்!"

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் இருபத்திரண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போனாள். பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

எங்கள் எண் இருபத்தேழு. அம்மா என் கையைப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டது.

போன் நம்பர் கேட்டார்கள். அம்மாவின் போன் அடித்தால் அத்தைதான் முதலில் எடுப்பாள். அதனால் என் நம்பரைக் கொடுத்தேன். (போன வருஷம் புது போன் வாங்கியபோது பழையதை நம்பரோடு எனக்குக் கொடுத்தது அத்தைதான். ஆனால் இப்போது அது என்னுடையது.)

"ஏற்கெனவே பதிஞ்சிருக்கீங்களே?"

"ஆமா, இவ பொறந்தது இங்கதான்" என்றாள் அம்மா.

அந்த அக்கா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பின்னால் நிற்பவர்கள் பார்க்கக்கூடாதாம். நாங்களும் பார்க்க முடியவில்லை. "வீடு மாறலையே?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். ஒரு ஸ்டிக்கர் வந்தது. அதிலும் பெயர் இல்லை, எண் மட்டும். எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டர் அறைக்குள் என்னை விடவில்லை. "முதல்ல அம்மாகிட்ட தனியா பேசணும்." நான் வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருத்துவமனையில் சத்தம் வெளியே வராத ஒரே இடம் அதுதான். அரை மணி நேரம் கழித்து வந்த அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது.

"என்ன கேட்டாங்கம்மா?"

"கேக்க வேண்டியதைக் கேட்டாங்க. 'உங்க முடிவுதானே, யாரும் கட்டாயப்படுத்தலையே'ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

எனக்கு ஏன் வேண்டாம் என்ற காரணம் மட்டும் இன்னும் தெரியாது. துணைக்குப் போன எனக்கே தெரியாது. கோபம் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன் – அந்தப் பலகை சொன்னபடி நடப்பது என்னிடம் மறைக்கும்போது மட்டும்தானா?

ஜூலை 10, வியாழன்

முடிந்தது. காலையில் போய் மூன்று மணிக்குத் திரும்பினோம். அம்மா நன்றாக இருக்கிறாள். நான் பஸ்ஸில் அழுதேன், அம்மா அழவில்லை.

வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று சொன்னோம். அத்தை வெந்நீர்ப் பையோடு இறங்கி வந்தாள். "கண்ட கண்ட ஹோட்டல்ல சாப்பிட்டா இப்படித்தான்!" ஆறு மணிக்குள் தெருவில் எல்லோருக்கும் அம்மாவின் வயிற்றுக் கோளாறு தெரிந்திருந்தது. ஹோட்டலின் பெயர் உட்பட. நாங்கள் எந்த ஹோட்டலையும் சொல்லவே இல்லை.

ஒலிபரப்பு முதல்முறையாக எங்களுக்காக வேலை செய்தது.

ஜூலை 18, வெள்ளி

இன்று சாப்பாடு இறங்கியது.

ஜூலை 29, செவ்வாய்

அத்தை மூன்று நாளாகப் பேசவில்லை. காய்ச்சல் இல்லை. மாமாவோடு சண்டை இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை கூப்பிட்டும் "ம்" என்றாள். வெறும் "ம்"!

என்னைப் பார்க்கும்போது மட்டும் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

தெரிஞ்சிடுச்சு. எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னா?

ஜூலை 31, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளியிலிருந்து வந்ததும் அத்தை என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். மாமா இல்லை. ஜன்னலைச் சாத்தினாள். அத்தை ஜன்னலைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"என் பழைய நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா அத்தை."

"நான் இன்னும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் இருக்கேன். ட்ரீட்மென்ட்டுக்கு. நிறுத்தலை. உன் மாமாவுக்குக்கூட தெரியாது. சனிக்கிழமை போயிருந்தேன். புது டாக்டர். கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. 'பத்தாம் தேதிதானே கலைச்சிருக்கீங்க, இப்ப குழந்தை வேணும்னு வந்திருக்கீங்களே'ன்னு கேட்டாங்க."

ஏற்கெனவே பதிந்திருந்தது அம்மா இல்லை. அத்தை! அதே நம்பர், அதே வீடு. அந்த மேஜை அக்கா ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லியிருந்தால் போதும். கலைக்கிற கேஸ் என்று ஊருக்குச் சொல்வார்கள், பெயரை மட்டும் எங்களுக்கே சொல்ல மாட்டார்கள்.

"நீங்க... என்ன சொன்னீங்க அத்தை?"

"என்னத்தைச் சொல்ல? நான் இல்லைன்னா யாருன்னு தோண்டுவாங்க. நம்பருக்குப் போன் போடுவாங்க. நீ எடுப்பே. அதான், மனசு மாறிடுச்சுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

அப்போதுதான் புரிந்தது. அவள் நினைத்துக்கொண்டிருப்பது என்னை.

"நீதானேடி?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அம்மா. தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தை கையை ஓங்கினாள். கண்ணை மூடிக்கொண்டேன். கை வந்து என் தலையில் உட்கார்ந்தது. "யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். சொல்லாம இருந்து இருந்து தொண்டை வலிக்குதுடி எனக்கு."

ஆகஸ்ட் 2, சனி

ஒரு பையனோடு நான் கடைசியாகப் பேசியது அளவுகோல் கேட்டபோது. "ஸ்கேல் இருக்கா?" "இல்லை." அவ்வளவுதான் என் காதல் வாழ்க்கை. அத்தை தினமும் துருவுகிறாள்: "யாருடி அவன்? அத்தைகிட்ட சொல்லக்கூடாதா?"

என்ன சொல்வது? அந்தப் பலகையையே சொன்னேன். "அது என் அந்தரங்கம் அத்தை."

"பெரிய அந்தரங்கம்! இந்தா, சாப்பிடு." தினம் இரண்டு அவித்த முட்டை. உடம்பு தேறணுமாம். செய்யாத ஒன்றுக்காகப் பத்திய முட்டை சாப்பிடுகிறேன். உண்மையில் தேற வேண்டியவள் கீழே கால் வலிக்க மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க. 'ஒரு தடவை தங்கியிருக்குன்னா நல்ல அறிகுறிதான், கவலைப்படாதீங்க'ன்னு. பதினாலு வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல."

"அத்தை, அது..."

"பொய்னு எனக்குத் தெரியாதா மருமகளே? இருந்தாலும் பஸ் வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்துது."

இரண்டாவது முட்டையையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒலிபரப்பு என்று இனி எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். முட்டையால்.

"அண்ணி எதுக்கு உனக்கு இப்படி ஊட்டறாங்க?" பரீட்சைக்கு என்றேன். "பரீட்சை டிசம்பர்ல." அம்மா நூறு பேருடைய அளவு எடுத்தவள். துணிக்கு மேலே பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவாள். சொன்னேன். நம்பர், ஃபைல், நான் தலையாட்டியது எல்லாம்.

கத்திரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"உன்னை யாருடி இதைத் தூக்கச் சொன்னா?"

"சத்தியம் பண்ணினேனே."

"சொல்லாதேன்னுதான் கேட்டேன். நீயே நானா ஆயிடுன்னா கேட்டேன்?"

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே நின்று காது கொடுத்துக் கேட்டேன். அழுகை வரும், கத்தல் வரும், தெரு கூடும் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் சாத்துகிற சத்தம் மட்டும்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அத்தை என்ன சொன்னாங்க? குழந்தையைக் கேட்டிருப்பேன்னு சொன்னாங்களா?"

"அது எனக்கும் அவங்களுக்கும்."

"அம்மா!"

"போய்ப் படி."

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவும் அத்தையும் காலையில் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். இருவர் கையிலும் அடையாள அட்டை. துணிக் கடையில் எதற்கு அடையாள அட்டை என்று அப்பா யோசிக்கவில்லை. நான் வரட்டுமா என்றேன். இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

மத்தியானம் வெறுங்கையோடு வந்தார்கள். கேட்டைத் திறக்கும்போது அத்தை சொன்னது ஒரு வரிதான் என் காதில் விழுந்தது: "இப்ப ஃபைல்ல என் பக்கம் பழையபடி சுத்தமா காலி." சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அத்தையின் முழங்கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டாள்.

"துணி எங்கே?" என்றார் அப்பா.

"கலர் பிடிக்கலடா தம்பி" என்றாள் அத்தை. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை.

பிறகு மாடியில் இருவரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன், பேச்சு நின்றது. தட்டை எடுக்கப் போனேன், நின்றது. நான் இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தது.

சாயங்காலம் அப்பா என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "அப்படி என்னதான் பேசிக்கறாங்க ரெண்டு பேரும்?"

"தெரியாதுப்பா."

ஒரு மாதத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை.