வால் இல்லாத துடிப்பு

1998 டிசம்பர், திங்கட்கிழமை இரவு

இன்று எங்கள் ஒளியுணரி வேலை செய்துவிட்டது. கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சில்லு. மற்ற மூன்றும் மழைக்காலத்தில், வோல்டேஜை ஏற்றும்போது கருகிவிட்டன. ஏற்றாமலும் முடியாது. குறைந்த வோல்டேஜில் அது வெளிச்சத்தை அரைகுறையாகத்தான் பிடிக்கும். அதுவும் மெதுவாக; அலைக்காட்டித் திரையில் துடிப்பு நீண்ட வாலோடு வரும்.

காலையில் நான் குமிழைத் திருகப் போனபோது, ஆய்வக டெக்னீஷியன் தபதி தடுத்தாள். வங்காளியில் அக்காவுக்கு ‘தீதி’; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இருங்க தீதி. மூணுமே ஓரத்துலதான் கருகியிருக்கு. ஈரம் ஒட்டியிருக்கும். முதல்ல சூடு பண்ணிக் காயவைப்போம்.”

சில்லை இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தோம். பிறகு பயந்து பயந்து வோல்டேஜை ஏற்றினேன். கருகவில்லை. துடிப்பு முன்பைவிட உயரமாக எழுந்தது, வாலும் காணாமல் போயிருந்தது. தபதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருவரும் பைத்தியம் பிடித்தவர்கள்போலச் சிரித்தோம்.

சத்தம் கேட்டு எங்கள் துறைத்தலைவர் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, “பிரமாதம். யாரோட ஐடியா?” என்று என்னைக் கேட்டார்.

ஒரு கணம் பேசாமல் நின்றேன். தபதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தபதியோடது சார்” என்றேன்.

அந்த ஒரு கணம்தான் உறுத்துகிறது. அவள் கவனித்திருப்பாளோ? ஆனாலும் அந்தத் துடிப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆய்வுக்கட்டுரையின் முதல் பக்கத்தை இப்போதே எழுதிவிட்டேன். முதலில் அவள் பெயர், அடுத்து என்னுடையது. ஐந்து வருடமாகக் கூட வேலை செய்கிறாள், அவளுடைய முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. நாளை போனதும் கேட்க வேண்டும்.