அரை டாங்க்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. வெள்ளை பிக்கப், ஒரு கை மாறியது, டயர் நான்கும் நல்ல நிலையில். பட்டறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பின்பக்கம் காலியாகக் கிடக்கிறது. காலை முழுக்க அந்தப் பக்கம் போகாமல் வேறு வேலை பார்த்தேன்.

தங்கை மூன்று மணிக்கு வந்தாள். வாயைத் திறந்தாலே அண்ணாதான் அவளுக்கு. "அண்ணா, டாங்க்கும் டூல் பாக்ஸும் நீதான் பாத்துச் சொல்லணும். எனக்கு ஓட்டத்தான் தெரியும்" என்றாள். ஏப்ரல் ஒன்றிலிருந்து அவளே ஓட்டப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்பு பள்ளி வேன் ஓட்டியவள்தான். மண் வெட்டும் இயந்திரங்கள் நிற்கிற இடத்துக்கே டீசல் கொண்டுபோய் நிரப்பி, சின்னச் சின்ன ரிப்பேரும் பார்த்துவிட்டு வருவது மாப்பிள்ளையின் வேலை. இனி அதை அவள் பார்ப்பாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மாப்பிள்ளை போய் இன்றோடு நூற்று ஆறு நாள்.

மார்ச் 6, வியாழன்

கடையிலிருந்து கொடுத்த விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருநூற்றைம்பது லிட்டரா, நானூறா. இரும்பா, அலுமினியமா. டூல் பாக்ஸ் டாங்க்கோடு ஒட்டினதா, தனியா. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யார் வந்து கேட்டாலும் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணித்தான் அனுப்புவேன்.

இன்று ஒரு டிக் கூடப் போட முடியவில்லை. பட்டியலை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எழுத ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள் மகள், எட்டு வயசு, பள்ளியில் சாலை விதிகளைப் பற்றிப் படம் வரைந்து வரச் சொன்னார்களாம். ஒரு வண்டி வரைந்து அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். என்னம்மா இது என்றேன். "அப்பா மாதிரி வேகமாப் போகக் கூடாதுன்னு போட்டிருக்கேன் மாமா."

தங்கை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நம்ம கூட வரும்போது மாட்டு வண்டி மாதிரி ஓட்டுவாரு. தனியாப் போனா பறந்திருக்காரு. எங்கள விட அந்த வேகந்தான் பெருசாப் போச்சு அவருக்கு."

நான் குழம்பில் கையை வைத்தபடி இருந்தேன். இது முதல் தடவை இல்லை. வாரா வாரம் கேட்கிறேன். வாரா வாரம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். மாப்பிள்ளை வண்டியில் இருந்த டாங்க்கை நான்தான் செய்யச் சொன்னேன். நானூறு லிட்டர். வெல்டர் அண்ணன் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். உள்ளே குறுக்கே இரண்டு தடுப்புத் தகடு வைக்க வேண்டும், இல்லையென்றால் வளைவில் டீசல் மொத்தமும் ஒரு பக்கமாக அடித்து வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். எனக்குத் தெரியாததா? ஆனால் தகடு இருந்தால் அடி வரை கைவிட்டுத் துடைக்க முடியாது, மூலையில் கசடு தங்கும். என் கை வழியாகப் போகிற டீசலில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது என்று நாலு பேர் சொல்வார்கள். நானும் அதில் உப்பிப் போயிருந்தேன். தகடு வேண்டாம், தலை நுழைகிற மாதிரி பெரிய மூடியாக ஒன்று வையுங்கள் என்றேன். ஆடுமே என்றார். "ஆடட்டும், வெண்ணெய் எடுத்துக்கலாம்" என்றேன். மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தான்.

போதாக்குறைக்கு டூல் பாக்ஸை டாங்க்கின் தலையிலேயே ஏற்றினேன். குனியாமல் ஸ்பானர் எடுக்கலாம் என்று. இரும்புப் பாரம் முழுக்க மேலே போய்விட்டது.

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. போகும்போது முழு டாங்க், வரும்போது அடியில் கொஞ்சம். நிறைகுடம் தளும்பாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அங்கே ஒரு இயந்திரம் பழுதாகிக் கிடந்தது, டீசல் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை அரை டாங்க்கோடு திரும்பினான். குவாரி இறக்கத்து வளைவில் வண்டி புரண்டது.

எப்படி ஓட்டுவார் என்று போலீஸ்காரர் கேட்டார். "கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுவான் சார்."

நான் சொன்னேன். என் வாய்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு வேலை பார்த்தவன், அவன் எப்படி ஓட்டுவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள். நானே அவனை ஆமை என்று கூப்பிட்டவன். ஏன்டா சொன்ன? ஏன் அப்படிச் சொன்ன?

மார்ச் 12, புதன்

தங்கையோடு டாங்க் கடைக்குப் போனேன். உள்ளே எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு டாங்க்கைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறார் கடைக்காரர். தங்கை நேராக அதனிடம் போய், குறுக்கே நிற்கிற தகடுகளைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்து அவள் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். ஆட்டினாள். "இதே நூறு பாட்டில் சேர்ந்து ஆடினா எப்படி இருக்கும்மா? தகடு இல்லாம டாங்க் செய்றவன் மனுஷனே இல்ல" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணா, நம்ம பழைய டாங்க்ல எத்தனை இருந்துச்சு?"

"ரெண்டு."

கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது. பொய் சொல்லப் பழகிவிட்டால் நாக்குக்கு யோசனையே தேவைப்படுவதில்லை.

மார்ச் 13, வியாழன்

வெல்டர் பட்டறை. பின்புறம் பழைய டாங்க் நசுங்கிக் கிடக்கிறது. தங்கை என்றைக்காவது வந்து மூடியைத் திறந்தால் போதும், என் கதை கந்தல். வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கு எல்லாம் தெரியும். நூறு நாளாக வாய் திறக்காதவர், இன்றும் அதிகம் பேசவில்லை. ஹோஸைப் போட்டு டாங்க்கில் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தார். உள்ளே ஆவி இருந்தால் வெட்டும்போது வெடிக்கும், அதனால் நிரப்பித்தான் வெட்ட வேண்டும். முக்கால் வாசி ஏறியதும் கேஸ் கட்டரை என் கையில் கொடுத்தார். "நீயே வெட்டு தம்பி. இதுக்கு என் கைய எதுக்குக் கேக்குற?"

வெட்டவில்லை. மூடி வழியாக உள்ளே பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் தகரம் பளிச்சென்று இருந்தது. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் தலையை உள்ளே விட்டுத் துடைத்தேன். மாப்பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு, விழுந்துடாதீங்க மச்சான், அப்புறம் உங்க தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது என்று கிண்டல் பண்ணினான்.

கட்டரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்காரியிடம் சொன்னேன். விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சொல்லி என்ன ஆகப் போகுது? போன உசிரு வரவா போகுது? இருக்கிற உறவும் போயிரும்" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

அதே தங்கையை, அதே மாதிரி ஒரு வண்டியில், அதே வளைவுக்கு அனுப்பப் போகிறேன். டாங்க் என்னவோ நல்லதாகத்தான் வாங்குவேன். நல்லதாக வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மகளின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தகடு இல்லை என்றேன். வெல்டர் சொன்னதையும் நான் சொன்ன வெண்ணெய் ஜோக்கையும் சொன்னேன். அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை. காலர், கை, முதுகு. முடித்து மடித்து வைத்துவிட்டு, "போலீஸ்ல என்ன சொன்ன?" என்றாள்.

"வேகமா ஓட்டுவான்னு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். "நாலு மாசமா அந்த மனுஷனத் திட்டிட்டே இருந்தேன். புள்ளைக்கும் சொல்லிக் குடுத்தேன். நீ பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கிட்டே கேட்டுட்டு இருந்த."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நான் செருப்பு மாட்டும் வரை.

மார்ச் 17, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பு சொன்னது பொய், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த ஃபைலை மூடியாயிற்று என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டாவது போகிறேன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாங்கி ஒரு டிரேயில் போட்டார்கள். அதற்குள் இன்னும் நிறையக் காகிதம் கிடந்தது.

மார்ச் 22, சனி

தங்கை தனியாகவே கடைக்குப் போய் ஆர்டர் கொடுத்துவிட்டாளாம். வீட்டுக்காரி வழியாகத்தான் தெரியும், இப்போது பேச்செல்லாம் அண்ணியோடு மட்டும்தான். இருநூற்றைம்பது லிட்டர், அலுமினியம், மூன்று தடுப்பு. டூல் பாக்ஸ் டாங்க்கின் மேல் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் தாழ்வாக இரண்டு நீளப் பெட்டி. நானே தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். ஒரு சொல்லும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் ரிங் ஸ்பானர் செட் என் பட்டறையில் இருக்கிறது. அதைக் கேட்டிருக்கிறாள். என் கையால் கொண்டுவர வேண்டாம், அண்ணி கொண்டுவந்தால் போதுமாம்.

மார்ச் 29, சனி

எல்லாம் பூட்டியாகிவிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். வெல்டர் அண்ணன்தான் போல்ட் போட்டார். முடிந்ததும் அவள் டாங்க்கைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. பெட்டிக்கு இரண்டு சாவி வரும், ஒன்று ஓட்டுபவருக்கு, ஒன்று பட்டறைக்கு. அப்படித்தான் எப்போதும். இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கிளம்பிவிட்டாள். பட்டறையைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்று வீட்டுக்காரி வந்து சொல்லும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் வந்து சேர்ந்துவிட்டாள். இனி தினமும் இதுதான் எனக்கு வேலை. உயிரோடு இருக்கும் வரை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மத்தியானம் போன் அடித்தது. அவள் நம்பர். வண்டி புரண்டுவிட்டது, யாரோ அவள் போனை எடுத்துப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்தேன்.

அவள்தான். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது, எங்கேயோ ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். "இன்னிக்கு ஒரு மிஷின் ஓடல. அரை டாங்க்கோட திரும்புறேன்" என்றாள். "வளைவு தாண்டிட்டேன். முப்பதுல வந்தேன். ஆடல."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அவரும் முப்பதுலதான் வந்திருப்பாரு."

கேள்வியா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. "ஆமாம்மா. அவன் அதுக்கு மேல போகவே மாட்டான்" என்றேன். புள்ளையிடம் சொல்லிவிட்டாளாம், படத்தை வேறு வரையச் சொல்லியிருக்கிறாளாம். பிறகு வைத்துவிட்டாள்.

ஒரு தடவை கூட அண்ணா என்று சொல்லவில்லை.